எழுத்தெல்லாம் தெரியும், ஆனால் வாசிக்க வரவில்லை

என் பெரியவள் நாலரை வயதில் அ முதல் ஃ வரை பாட்டாகவே பாடுவாள், க ங ச வரிசையை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள், வீட்டுக்கு யார் வந்தாலும் "சொல்லிக் காட்டும்மா" என்று நிறுத்தி வைத்து நானும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் 'படம்' என்று எழுதிக் காட்டினேன். "ப... ட... இம்" என்றாள். சேர்த்துச் சொல்லு என்றேன். "படயிம்" என்றாள். படயிம் என்றால் என்னவென்று அவளுக்கும் தெரியவில்லை. எழுத்தை அடையாளம் சொல்வது ஒரு வேலை, எழுத்துகளைச் சேர்த்துச் சொல்லாக்குவது வேறு வேலை. நான் முதல் வேலையை மட்டும் பழக்கிவிட்டு இரண்டாவது தானாக வந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

தானாக வராது. சில பிள்ளைகளுக்கு வரும், அவர்களைப் பார்த்துத்தான் நாம் ஏமாந்துபோகிறோம். பேச்சு அப்படி இல்லை, பேசுகிறவர்கள் நடுவில் வளரும் குழந்தை பேசிவிடும். எழுத்து என்பது மனிதர்கள் சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன்பு கண்டுபிடித்த ஒரு ஏற்பாடு, அதற்கென்று மூளையில் பிறக்கும்போதே ஒதுக்கிய இடம் எதுவும் கிடையாது, கண்ணில் படும் கோட்டையும் காதில் விழும் ஒலியையும் ஒவ்வொரு குழந்தையும் புதிதாக முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த முடிச்சைப் போட எப்படி உதவுவது என்பதுதான் இங்கே விஷயம். சின்னவனுக்குச் சொல்லிக்கொடுத்தபோது வேறு மாதிரி செய்தேன், அதைத்தான் பெரும்பாலும் எழுதுகிறேன்.

காதிலிருந்து தொடங்குங்கள்

புத்தகம், பலகை எதுவும் வேண்டாம். மூன்று, நான்கு வயதில் செய்ய வேண்டியது, சொற்கள் துண்டு துண்டான ஒலிகளால் ஆனவை என்று குழந்தையின் காதுக்குக் காட்டுவது மட்டும்தான். பூனைக்கு இரண்டு முறை கை தட்டு, குதிரைக்கு மூன்று முறை தட்டு. 'ம'வில் ஆரம்பிக்கிற மாதிரி என்னவெல்லாம் இருக்கிறது, சொல்லு பார்ப்போம். குளிப்பாட்டும்போது, நடந்து போகும்போது, தூங்க வைக்கும்போது, எப்போது வேண்டுமானாலும் விளையாடலாம்.

இது பழகியதும் கொஞ்சம் கடினமாக்குங்கள். 'கால்' என்பதில் கடைசி 'ல்' ஓடிப்போய்விட்டது, மிச்சம் என்ன? 'பல்' என்பதில் 'ப'வைத் தூக்கிவிட்டு 'க' போட்டால் என்ன வரும்? பெரியவர்களுக்கு அற்பமாகத் தெரியும். ஆனால் இதற்குப் பதில் சொல்கிற குழந்தைக்கு வாசிப்பில் பாதி வேலை முடிந்த மாதிரி, ஏனென்றால் பிறகு தாளில் கேட்கப்போவதும் இதையேதான். இதைச் செய்ய முடியாமல் திணறுகிற குழந்தைக்கு எழுத்து அட்டைகளைக் காட்டிக் காட்டி ஓய்ந்துபோவதைவிட, இன்னும் ஒரு மாதம் இந்த விளையாட்டிலேயே இருக்கலாம்.

எந்த எழுத்து முதலில்?

அகர வரிசை அகராதிக்காக இருக்கிறது. கற்றுக்கொடுக்க அது வசதியான வரிசை இல்லை. அ, ஆ, இ, ஈ என்று பன்னிரண்டையும் முடித்தாலும் 'ஈ' மாதிரி ஓரெழுத்துச் சொல் ஒன்றிரண்டைத் தவிர குழந்தையால் வாசிக்க முடிகிற சொல் எதுவும் தேறாது, மாதக்கணக்கில் பயனே தெரியாமல் உருப்போட வேண்டியிருக்கும். அதைவிட ப, ட, ம மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், எழுதவும் சுலபம், நேர்கோடுகள்தான் அதிகம். கூடவே புள்ளி வைத்த ம். முதல் வாரமே படம், மடம் கையில் வந்துவிடும். ர சேர்த்தால் மரம். க, ல் சேர்த்தால் பல், கல், கடல், மடல். ட் வந்தால் பட்டம், மட்டம், கட்டம். ஏழெட்டு எழுத்துக்குள் இவ்வளவு சொல். "நான் வாசிச்சிட்டேன்" என்று ஓடி வருகிற அந்த முகத்தை முதல் வாரமே பார்த்துவிடுவது நல்லது, அவனுக்கு மட்டுமில்லை, நமக்கும் பொறுமைக்கு அது தேவைப்படும்.

ஒரே மாதிரித் தெரிகிற எழுத்துகளை அடுத்தடுத்து எடுக்காதீர்கள். ப, ய இரண்டும் ஒரே வாரத்தில் வேண்டாம், எ, ஏ வேண்டாம், ழ, மு வேண்டாம். ர என்ற எழுத்தும் கால் குறியும் பெரிய குழப்பம், 'கர' என்பதை 'கா' என்று படிக்கிற குழந்தைக்குக் கவனக்குறைவு என்று அர்த்தமில்லை, உற்றுப் பாருங்கள், வித்தியாசம் அடியில் இருக்கிற ஒரு சின்னச் சாய்வு மட்டும்தான். ஒன்று நன்றாக ஊறிய பிறகு மற்றதைக் காட்டுங்கள்.

அப்புறம், எழுத்து தெரியுமா என்று பார்ப்பதற்கு வரிசையாகக் கேட்காதீர்கள். நடுவில் எங்கேயாவது விரல் வைத்துக் கேளுங்கள். பெரியவள் 'ஞ' எது என்று கேட்டால் மனசுக்குள் க ங ச என்று முதலிலிருந்து பாடிக்கொண்டே வந்துதான் கண்டுபிடிப்பாள். அவளுக்குத் தெரிந்தது பாட்டு, எழுத்து இல்லை.

சேர்ப்பது, அதிலும் அந்தப் புள்ளி

'படயிம்' எப்படி வந்தது என்பதற்கு வருவோம். ம் என்ற எழுத்தைத் தனியாகச் சொல்லும்போது நாம் எல்லோரும் 'இம்' என்கிறோம். இக், இங், இச் என்றுதான் மெய்யெழுத்து வரிசையே சொல்லிக்கொடுக்கப்படுகிறது. குழந்தை சொன்னதைச் செய்கிறது: ப, ட, இம், சேர்த்தால் படயிம். தப்பு அதனுடையது இல்லை. மெய்யெழுத்தைத் தனியாக உச்சரிப்பது சிரமம், ஒரு உயிர் துணை இருந்தால் சுலபம், நாம் முன்னால் ஒரு இகரத்தைக் கொடுத்துச் சமாளிக்கிறோம், அந்த இகரம் வாசிப்பில் வந்து தடுக்குகிறது.

தீர்வு சுலபம். புள்ளி எழுத்தைத் தனியாக வாசிக்கவே விடாதீர்கள். அது முன்னால் இருக்கிற எழுத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும் என்று சொல்லிவிடுங்கள். 'படம்' என்பதில் மூன்று எழுத்து இருக்கலாம், வாசிக்கும்போது இரண்டு துண்டுதான்: ப, டம். மரம் என்றால் ம, ரம். பட்டம் என்றால் பட், டம். முதலில் இந்தத் துண்டுகளுக்குக் கீழே பென்சிலால் ஒரு வளைகோடு போட்டுக் கொடுங்கள், கோடு எங்கே முடிகிறதோ அதுவரை ஒரே மூச்சு. இரண்டு மூன்று வாரத்தில் கோடு இல்லாமலே கண் பிரித்துக்கொள்ளும். சின்னவனுக்கு இந்த ஒரு மாற்றம் மட்டும் செய்த வித்தியாசத்தைப் பார்த்தபோது பெரியவளை வீணாக அழவைத்தது நினைவுக்கு வந்து சங்கடமாக இருந்தது.

சேர்க்கும்போது இடைவெளி விடக்கூடாது. ப என்று சொல்லி நிறுத்தி, டம் என்று சொல்லி நிறுத்தினால் இரண்டாவது வருவதற்குள் முதலாவது மறந்துபோயிருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது கொஞ்சம்தான். ஒலியை இழுத்துக்கொண்டே அடுத்ததற்குப் போக வேண்டும்: மஅஅரம். விரலைத் தாளில் வைத்து இழுத்துக்கொண்டே சொல்லிக் காட்டுங்கள், பிறகு அவன் விரலைப் பிடித்து, பிறகு அவனாக. நான் முதலில், நாம் சேர்ந்து, நீ மட்டும் என்ற இந்த மூன்று படியும் எதைப் புதிதாகக் காட்டினாலும் உதவும்.

216ஐ மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள்

247 எழுத்து என்று கேட்டதும் பெற்றோருக்கே மலைப்பு வந்துவிடுகிறது. உண்மையில் குழந்தை கற்றுக்கொள்ள வேண்டிய பகுதிகளை எண்ணிப் பாருங்கள்: உயிர் 12, அகரம் ஏறிய மெய் 18, உயிர்க்குறிகள் 11, ஒரு புள்ளி, ஒரு ஆய்தம். 43. ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் அப்புறம் வந்து சேர்ந்துகொள்ளும். மீதி எல்லாம் சேர்மானம்.

குறிகளில் முதலில் கால். அதைப் போட்டவுடன் சொல்லே மாறுவதைக் காட்டுங்கள்: படம், பாடம். கல், கால். பல், பால். மடம், மாடம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாசிக்கச் சொன்னால் குறில் நெடில் என்ற பெயர் சொல்லாமலே விஷயம் புரிந்துவிடும். அடுத்து இகரம், ஈகாரம்.

உகரம்தான் வம்பு. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு மாதிரி, சு, பு, யு, வு ஒரு மாதிரி, து, நு, லு, று, ணு, னு இன்னொரு மாதிரி. ஒரே விதி என்று சொல்லிவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள், மூன்று குடும்பம் என்று சொல்லி ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வாரம் கொடுங்கள். ஊகாரத்தில் 'கூ' யாரோடும் சேராமல் தனியாக நிற்கும்.

கொம்பு இன்னொரு வகைச் சிக்கல். கெ, கே, கை மூன்றிலும் குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக விரல் வைத்து வா என்று இத்தனை நாள் பழக்கிவிட்டு இப்போது இரண்டாவதாக இருப்பதை முதலில் பார் என்றால் குழந்தை முழிக்கத்தான் செய்யும். கொம்பைப் பார்த்தால் ஒரு எழுத்து தாண்டிப் போய்விட்டுத் திரும்பு என்று சொல்லிவைக்கலாம். கொ, கோ இரண்டிலும் முன்னும் பின்னும் குறி, அதனால் இவை கடைசியில். ஔகாரக் குறி பார்ப்பதற்கு ள மாதிரியே இருப்பதால் பெரியவர்களே தடுமாறுகிறோம், ஐந்து வயதுக் குழந்தைக்கு அதில் அவசரம் ஒன்றுமில்லை. பரணில் கிடக்கும் பழைய புத்தகங்களைக் கொடுப்பதாக இருந்தால் ஒரு முறை புரட்டிப் பாருங்கள், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு அச்சானவற்றில் லை, ளை, னை, றா, னா எல்லாம் வேறு உருவத்தில் இருக்கும்.

பேசுவது ஒன்று, எழுதியிருப்பது ஒன்று

எழுத்துகளை அழகாகச் சேர்த்து வாசித்துவிட்டு அர்த்தம் தெரியாமல் பார்க்கிற குழந்தையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தமிழில் இது ஏன் அதிகம் நடக்கிறது என்றால், நாம் வீட்டில் பேசுகிற சொல் அப்படியே தாளில் இருப்பதில்லை. வீட்டில் 'எல', புத்தகத்தில் 'இலை'. வீட்டில் 'ஒடம்பு', புத்தகத்தில் 'உடம்பு'. 'வந்துட்டான்' என்றால் துள்ளிக் குதிக்கிறவன் 'வந்துவிட்டான்' என்று சரியாக எழுத்துக்கூட்டிவிட்டு "எதை விட்டான்?" என்று கேட்கிறான். நியாயமான கேள்வி. ஒரு சொல்லை வாசித்து முடித்ததும் 'அட, இதுவா!' என்று தெரிய வேண்டும், அந்தத் தெரிதல்தான் அடுத்த சொல்லுக்குத் தள்ளிவிடும், அது இல்லாவிட்டால் வாசிப்பது வெறும் சத்தம்.

இதற்கு இரண்டு வழி வைத்திருந்தேன். ஒன்று, எழுத்து தெரிவதற்கு முன்பே, இரண்டு மூன்று வயதிலிருந்தே, கதைப் புத்தகத்தை உள்ளபடியே வாசித்துக் காட்டுவது. நமக்கு வாசிக்கும்போதே பேச்சு வழக்குக்கு மாற்றிச் சொல்லிவிடும் பழக்கம் இருக்கிறது, குழந்தைக்குப் புரியட்டும் என்று. ஒரு வரி புத்தகத்தில் இருக்கிறபடி, வேண்டுமானால் உடனே அதையே நம் பேச்சில், இப்படி இரண்டும் கேட்டு வளர்ந்த காதுக்கு 'சென்றான்', 'கூறினாள்', 'இருக்கிறது' எல்லாம் பழகிய முகங்களாகிவிடும்.

இரண்டாவது, குழந்தை சொல்வதை அப்படியே எழுதி அதையே வாசிக்கக் கொடுப்பது. "பாட்டி தூங்குறாங்க" என்று சொன்னால் பாட்டி தூங்குறாங்க என்றே எழுதுங்கள். பேச்சுத் தமிழை எழுதினால் பிள்ளைக்கு இலக்கணம் கெட்டுவிடும் என்று என்னைக் கடிந்துகொண்டவர்கள் உண்டு, நான் அப்படி நினைக்கவில்லை. சொந்த வாயிலிருந்து வந்த சொல் தாளில் இருக்கிறது என்ற ஆச்சரியம் இலக்கணத்தைவிட முதலில் வர வேண்டியது. நாலைந்து வாரம் கழித்து அதே வரியின் கீழே 'பாட்டி தூங்குகிறார்' என்று எழுதி, இரண்டும் ஒன்றுதான், இது புத்தகம் பேசுகிற மாதிரி என்று சொன்னால் போதும்.

ஒலி மாறுவதும் இதோடு சேர்ந்ததுதான். பட்டம் என்பதில் வரும் ட ஒரு மாதிரி, படம் என்பதில் வரும் ட ஒரு மாதிரி. கல், தங்கம், காகம், மூன்றிலும் க ஒன்றுதான், ஒலி ஒன்றில்லை. விதி சொல்லாதீர்கள். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்று ஜோடிகளைச் சேர்த்தே சொல்லிப் பழக்கிவிட்டால் பாதி தீர்ந்துவிடும். மீதிக்கு, சொல்லை வாசித்த பிறகு "இந்த மாதிரி நாம் ஏதாவது சொல்வோமா?" என்று கேளுங்கள், தமிழ் பேசுகிற குழந்தை தானே சரிசெய்துகொள்ளும்.

ஊகிக்க விடாதீர்கள்

சரி, இப்போது ஒரு பழைய சண்டையைப் பற்றி. எழுத்து எழுத்தாகச் சேர்க்க வைப்பதா, முழுச் சொல்லையும் படம் மாதிரி பார்த்துப் பழக வைப்பதா என்று ஆங்கிலம் பேசும் நாடுகளில் பல பத்தாண்டுகள் அடித்துக்கொண்டார்கள். 1967இல் கென்னத் குட்மேன் என்ற அமெரிக்க ஆய்வாளர், வாசிப்பு என்பது ஊகித்துக்கொண்டே போகும் விளையாட்டு என்று எழுதினார். தெரியாத சொல் வந்தால் படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், எது பொருந்தும் என்று யோசி என்று அதற்கப்புறம் நிறைய வகுப்பறைகளில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் நன்றாக வாசிக்கிறவர்களின் கண் அசைவை ஆராய்ந்தால் பொருள் தரும் சொற்களில் பெரும்பாலானவற்றின் மீது கண் நின்றுதான் போகிறது, சந்தர்ப்பத்தை வைத்து ஊகிப்பதை அதிகம் நம்புகிறவர்கள் வாசிக்கத் திணறுகிறவர்கள்தான். அமெரிக்காவில் 2000இல் வந்த தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கையும் இங்கிலாந்தில் 2006இல் வந்த ரோஸ் அறிக்கையும் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை ஒழுங்காக, வரிசையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற பக்கமே சாய்ந்தன.

வீட்டில் இது எப்படித் தெரியும் என்றால், கழுதை படம் போட்ட பக்கத்தில் 'கழுதை' என்று எழுதியிருக்க, பிள்ளை சந்தேகமே இல்லாமல் 'குதிரை' என்று வாசிப்பான். அல்லது விட்டத்தைப் பார்த்துக்கொண்டே பக்கம் முழுக்க ஒப்பிப்பான். படத்தைக் கையால் மறையுங்கள், கடைசி வரியிலிருந்து மேலே வரச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு 2012 முதல் ஒரு சின்னச் சோதனை வைக்கிறார்கள், 40 சொல், அதில் பாதிக்கு அர்த்தமே கிடையாது, யாரோ இட்டுக்கட்டியவை. மனப்பாடம் செய்த சொல்லா, உண்மையிலேயே எழுத்தைச் சேர்க்கிறானா என்பது அதில் தெரிந்துபோகும். நீங்களும் செய்யலாம்: பமல், டாகிம், மிரட்டூ. வேற்றுக்கிரகத்து ஆட்களின் பெயர் என்று சொல்லுங்கள், சின்னவன் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே வாசித்தான், அடுத்த நாள் எனக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்து என்னை வாசிக்கச் சொன்னான்.

ஆங்கிலமும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு, சி, ஏ, டி என்று எத்தனை முறை வேகமாகச் சொன்னாலும் 'கேட்' (cat) வராது, அதனால் ஒலியை முதலில் சொல்லுங்கள், பெயர் பிறகு. இரண்டு மொழியையும் பக்கத்தில் வைத்து இதில் வந்துவிட்டது, அதில் ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் ஐரோப்பிய மொழிகளில் வாசிக்கக் கற்கும் குழந்தைகளை ஒப்பிட்டார்கள், எழுதியபடியே ஒலிக்கும் பல மொழிகளில் முதல் வருட முடிவில் பிள்ளைகள் சொற்களில் 90 சதவீதத்துக்கு மேல் சரியாக வாசித்தபோது ஆங்கிலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. பிள்ளைகளின் குறை இல்லை, அந்த எழுத்துமுறை அப்படி.

தினம் எவ்வளவு, எப்படி

பத்து நிமிடம், அதிகம் போனால் பதினைந்து. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் என்று சேர்த்து வைப்பது வேலைக்காகாது. நேற்றைய எழுத்து ஒரு நிமிடம், புதியது ஒன்று, அது வருகிற நாலைந்து சொல், முடிந்தால் ஒரு வரி. தடுமாறினால் உடனே சொல்லிவிடாதீர்கள், மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள், பிறகு தப்பான எழுத்தின் மேல் மட்டும் விரல் வையுங்கள். சொல் சரியாக வந்ததும் அந்த வரியை முதலிலிருந்து ஒரு முறை வாசிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வரியின் அர்த்தம் நடுவழியிலேயே உதிர்ந்துவிடும். அதே பக்கத்தை மூன்று நாள் தொடர்ந்து வாசித்தால் சலிப்பு வரும் என்று நினைப்போம், உண்மையில் மூன்றாவது நாள் ஓடுகிற வேகம் அவர்களுக்கே பிடித்துப்போகும்.

இதிலிருந்து தனியாக, நீங்கள் வாசித்து அவன் கேட்கிற நேரம் ஒன்று இருக்க வேண்டும். அதில் "இது என்ன எழுத்து?" என்று குறுக்கே கேட்டுக் கெடுக்காதீர்கள். 1986இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டுவது இல்லை, பெருக்குவது, அதாவது ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். பத்து நிமிடப் பாடம் முதலாவதை வளர்க்கும், கதை கேட்கிற நேரம் இரண்டாவதை. தானாக வாசிக்க ஆரம்பித்தவுடன் கதை சொல்வதை நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம், ஏழு வயதுக் குழந்தை தானாக வாசிக்க முடிகிற புத்தகமும் கேட்டு ரசிக்க முடிகிற புத்தகமும் வேறு வேறு என்பதை மறந்துவிடுகிறார்கள். பெரியவளுக்குப் பத்து வயது, இன்னும் வாசித்துக் காட்டுகிறேன்.

எப்போது கவலைப்பட வேண்டும்? ஆங்கிலத்தில் பி, டி (b, d) இரண்டையும் திருப்பி எழுதுவது ஏழு வயது வரை சாதாரணம், அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஆனால் ஒரு வருடம் முறையாகச் சொல்லிக்கொடுத்தும் ஏழு, எட்டு வயதில் இரண்டெழுத்துச் சொல்லைச் சேர்க்க முடியவில்லை, ஒலி விளையாட்டுகள் பிடிபடவே இல்லை, வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் இதே சிரமம் இருந்திருக்கிறது என்றால் டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிரமமாக இருக்கலாம், அதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை, சீக்கிரம் கண்டுபிடித்தால் உதவுவது சுலபம். அதற்கு முன்பு கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். அடிக்கடி சளி பிடித்து காது அடைத்துக்கொள்கிற பிள்ளைக்கு ல், ள், ழ் மூன்றும் ஒரே சத்தமாகத்தான் கேட்டுக்கொண்டிருக்கும், நாம் தாளைக் காட்டித் திட்டிக்கொண்டிருப்போம்.